செங்கத்துக் கற்கள் சொல்லும் கதை

 

ஒவ்வொரு சந்திப்பு விழாவிலும் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். சாப்பாட்டுப் பந்தி முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு நாலு பேர் வட்டமாக உட்கார்ந்தால், பேச்சு எங்கே போகும்? மூன்றாம் ஆண்டில் என்ன பாடம் இருந்தது என்று யாரும் பேசுவதில்லை. "அந்தப் புங்கமரம் இன்னும் இருக்குதா?" "நாயர் டீக்கடையை எடுத்துட்டாங்களாமே?" "லைப்ரரி பின்பக்கத்துப் படிக்கட்டு ஞாபகம் இருக்கா?" இப்படித்தான் பேச்சு ஓடும். புத்தகம் மறந்துபோகும், மார்க் மறந்துபோகும், சில ஆசிரியர்களின் பெயர்கூட நாக்கு நுனியில் நின்றுவிடும். இடம் மட்டும் மறக்காது.

ஏன் அப்படி? யோசித்துப் பார்த்தால் ஒன்று புரியும். வெறும் இடம் யாருக்கும் ஞாபகத்தில் நிற்பதில்லை. அந்த இடத்தில் யாரோ ஒருவர் நமக்காக ஏதோ செய்திருப்பார். பரீட்சைக் கட்டணம் கட்டப் பணமில்லாமல் நின்றபோது ஒரு நண்பன் சட்டைப் பையைத் தடவிக் கொடுத்த இடமாக அது இருக்கும். அதனால்தான் அந்தப் படிக்கட்டு மறக்கவில்லை.

ஒரு மனிதனின் ஞாபகம் ஐம்பது, அறுபது ஆண்டு நிற்கும். ஓர் ஊரின் ஞாபகம் எத்தனை ஆண்டு நிற்கும்? ஆயிரத்து நானூறு ஆண்டு நிற்குமா? நிற்கும் என்று காட்ட, நம் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. திருவண்ணாமலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய் இறங்கலாம். அதுதான் செங்கம்.

மலைக்கும் மலைக்கும் நடுவே

வடக்கே ஜவ்வாது மலை நீண்டு கிடக்கிறது. தெற்கே வேறு குன்றுகள். இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி. சரித்திரப் புத்தகங்களில் செங்கம் கணவாய் என்று வருவது இதுதான். மேற்கே பாராமகால் சீமை, அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம். கிழக்கே திருவண்ணாமலை, அதைத் தாண்டிக் கடற்கரைச் சமவெளி. மேட்டு நிலத்திலிருந்து கீழே இறங்க வேண்டுமானால் வண்டியும் மாடும் படையும் வியாபாரியும் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். இன்றும் கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் போகும் தேசிய நெடுஞ்சாலை இதே வழியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது.

ஜவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாறு ஊரை ஒட்டி ஓடி, பிறகு பாலாற்றில் கலக்கிறது. மலையில் சாமை, தேன், புளி, பலா. அடிவாரத்தில் மேய்ச்சல் நிலம். மேய்ச்சல் நிலம் என்றால் மாடு. மாடு என்றால் செல்வம். தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. செல்வம் இருக்கிற இடத்தில் திருட்டும் உண்டு, சண்டையும் உண்டு. வழி இருக்கிறது, மாடு இருக்கிறது, இரண்டையும் காக்க ஆள் வேண்டும். செங்கத்தின் பழைய சரித்திரத்தை இந்த மூன்றுக்குள் அடக்கிவிடலாம்.

பழந்தமிழர் எழுதிய வழிகாட்டி

பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்றும் பெயர். 583 அடிகள். பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவனுடைய தலைநகர் செங்கண்மா. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம் என்றும், பாட்டில் வரும் சேயாறுதான் செய்யாறு என்றும், நவிரமலைதான் பர்வத மலை என்றும் அறிஞர்கள் கொள்கிறார்கள். செங்கத்துக் கல்வெட்டு ஒன்றும் நன்னனின் மலையைப் புகழ்ந்து பேசுகிறது. 1889-இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்த பிறகுதான், நம் ஊர்ப் பக்கத்துக்கு இப்படி ஒரு பழம்பெருமை இருப்பது எல்லோருக்கும் தெரிய வந்தது.

கல்லூரியில் இந்தப் பாட்டைப் பரீட்சைக்காகப் படித்தவர்கள், 'கடினமான பாட்டு' என்று மட்டும் ஞாபகம் வைத்திருப்பீர்கள். உண்மையில் அது ஒரு வழிகாட்டி. பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தனிடம், "நன்னனிடம் போகிறாயா? இப்படிப் போ" என்று மலைவழியைச் சொல்கிறான். எங்கே பாறை வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும் குழி இருக்கிறது, பன்றிக்குப் பொறி வைத்திருக்கும் இடம் எது, புனக்காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல் எங்கிருந்து பறந்து வரும், எந்த ஊரில் தினைச்சோறு கிடைக்கும் என்றெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். மலையை நேரில் நடந்து பார்த்தவன் பேச்சு அது.

அந்த வழியில் ஓர் இடம் வருகிறது. பாதை பிரியும் சந்திகளில் கற்கள் நிற்கின்றன என்கிறான். போரில் முதுகு காட்டாமல் உயிர் கொடுத்த மறவர்களின் பெயரோடு நட்ட கற்கள் அவை. ஒன்றிரண்டு அல்ல, எண்ணினால் மிகப் பல என்கிறான். அவற்றின் முன்னே உங்கள் இசைக் கருவிகளை மரபுப்படி வாசித்து வணங்கிவிட்டு விரைந்து போங்கள் என்று யோசனையும் சொல்கிறான்.

கவனியுங்கள். பாதை பிரிகிற இடத்தில் கல். வழிப்போக்கன் எப்படியும் ஒரு நிமிஷம் நின்று, 'இடப்பக்கமா வலப்பக்கமா' என்று யோசிக்கிற இடம். அங்கேதான் பெயரை நட்டுவைத்தார்கள். விளம்பரப் பலகையை எங்கே வைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று இன்று கணக்குப் போடுகிறார்களே, அந்தக் கணக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

தொறு மீட்டுப் பட்டான்

பாட்டில் சொன்னது வெறும் கற்பனையாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் மண்ணிலிருந்து வந்தது. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை செங்கம் வட்டாரத்தில் ஊர் ஊராகத் தேடி நடுகற்களைக் கண்டுபிடித்துப் படித்தது. 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக அவை வெளிவந்தன. பதிப்பாசிரியர் அன்றைய துறை இயக்குநர் இரா. நாகசாமி. தமிழகத்தின் நடுகல் ஆய்வில் அந்த நூல் ஒரு திருப்பம்.

இந்தக் கற்களில் பல பல்லவர் காலத்தவை. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் என்று நாம் பாடத்தில் படித்த அரசர்களின் ஆட்சியாண்டு கல்லின் தலையில் இருக்கும். எழுத்து வட்டெழுத்து. மொழி நல்ல தமிழ். காஞ்சியில் அரசர்கள் வடமொழியில் செப்பேடு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், செங்கத்து மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்த்தவனுக்காகத் தமிழில் கல்வெட்டு எழுதியிருக்கிறார்கள்.

வாசகம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு. இன்ன தலைவனின் சேவகன் இன்னான். இன்னார் தொறுக் கொண்டபோது மீட்டுப் பட்டான். அவன் கல் இது. அவ்வளவுதான். 'தொறு' என்றால் மாட்டு மந்தை. 'பட்டான்' என்றால் இறந்துபட்டான். புகழ்மாலை கிடையாது, வீரதீர வர்ணனை கிடையாது. தந்தி வாசகம் போல நாலு வரி.

கல்லின் உருவத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கையில் வில், மறு கையில் வாளோ குறுவாளோ பிடித்து வீரன் நிற்பான். சிலவற்றில் உடம்பில் அம்பு தைத்திருக்கும். காலடியில் கெண்டியும் சிமிழும் செதுக்கியிருக்கும். அவனுக்குப் படைத்தவை என்று கொள்ளலாம். முகத்தில் மூக்கு, கண் என்று நுணுக்கமாக ஒன்றும் இராது. ஊர்த் தச்சன் ஊர்க் கல்லில் செதுக்கியது. மாமல்லபுரத்துச் சிற்பியைத் தேடினால் கிடைக்கமாட்டான். ஆனால் நிற்கிற தோரணையில் ஒரு பிடிவாதம் தெரியும்.

கல் நடுவதற்கு முறை உண்டு என்பதைத் தொல்காப்பியம் புறத்திணையியலிலேயே சொல்லிவிட்டது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு துறை. தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. ஒரு மனிதனை ஊர் மறக்கக் கூடாது என்றால் எத்தனை வேலை பார்க்க வேண்டும் என்று இலக்கணமே வகுத்திருக்கிறார்கள்! இந்த வழக்கம் பல்லவர் காலத்தில் தோன்றியதும் அல்ல. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டெடுத்தார்கள். அதிலும் ஒரு கல் ஆகோளில், அதாவது மாடு பிடிக்கும் சண்டையில், இறந்தவனுக்காக நட்டது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே தொடங்கிய பழக்கம்.

கோவிவன் என்ற நாய்

செங்கம் வட்டாரக் கற்களில் என் மனசை விட்டுப் போகாத கல் ஒன்று உண்டு. எடுத்தனூர்க் கல். அந்த ஊர் இப்போது தண்டராம்பட்டு வட்டத்தில் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. வாணகோ அரசர் குடும்பத்தாரிடம் சேவகம் பார்த்த கருந்தேவகத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய் மடிந்தான். அவனோடு ஒரு நாயும் நின்றது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து, காவல் நின்றது என்று கல் சொல்கிறது. வீரனுக்குப் பக்கத்திலேயே நாயின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள்.

ஒரு நாய்க்குப் பெயர் சொல்லிக் கல்வெட்டு! விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைக் கோழிக்கு நட்ட கல்லும் உண்டு. நம் முன்னோருக்கு நன்றி என்பது மனிதனோடு நின்றுவிடவில்லை.

சரித்திர மாணவர்களுக்கு இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பழைய பாடப் புத்தகங்களில் மகேந்திரவர்மனின் காலம் 600 முதல் 630 வரை என்று இருக்கும். முப்பது ஆண்டு. இங்கே கல்லோ 34-ஆவது ஆண்டு என்கிறது. கணக்கு உதைக்கிறதல்லவா? இத்தகைய கற்களைப் படித்த பிறகு, அவன் பட்டத்துக்கு வந்த ஆண்டை 590 வாக்கிலோ அதற்கும் முன்போ கொண்டுபோக வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். எருமை காத்தவனும் அவன் நாயும் சேர்ந்து ஒரு பேரரசனின் கணக்கைத் திருத்திவிட்டார்கள்! சரித்திரம் அரண்மனையில் மட்டும் இருக்கிறது என்று நினைப்பவர்கள் எடுத்தனூருக்கு ஒருமுறை போய்வரலாம்.

எழுத்து போனது; சாமி நின்றது

வட்டெழுத்து இந்தப் பக்கத்தில் வழக்கொழிந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. எழுத்தைப் படிக்க ஆள் இல்லாமல் போனால் பெயரும் போயிற்று. பெயர் போனால் கல்லும் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. ஏனென்றால் அந்தக் கற்களில் பல சாமியாகிவிட்டன. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் 'வேடியப்பன்' என்று கும்பிடுகிறார்களே, அந்தக் கோயில்கள் பலவற்றில் உள்ளே இருப்பது நடுகல்தான். நம் வகுப்பிலேயே வேடியப்பன் என்று பெயர் வைத்த நண்பர்கள் இருந்திருப்பார்கள். வருகைப் பதிவில் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது, அதற்குப் பின்னால் ஒரு பல்லவர் காலத்து மாடு மீட்ட வீரன் நிற்கலாம் என்று யார் நினைத்தோம்?

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் மூன்று பேரோடு தண்டராம்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் அப்படி ஒரு கல்லைப் பார்த்தேன். எண்ணெயும் மஞ்சளும் ஏறி, இடுப்பில் மஞ்சள் துணி கட்டி, முன்னால் மண்குதிரை வைத்திருந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்.

"இது யாருங்க பெரியவரே?"

"வேடியப்பன் சாமிங்க. எங்க தாத்தனுக்கும் தாத்தன் காலத்துலேருந்து இருக்குது."

"மேல எழுத்து இருக்குதே, பாத்தீங்களா?"

"எழுத்தா? அது யாருக்குங்க தெரியும்? சாமி எழுத்து."

எங்களில் ஒருவர் வட்டெழுத்து ஓரளவு படிப்பார். எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே இரண்டே சொற்கள்தான் பிடிபட்டன. ஒன்று 'தொறு'. மற்றொன்று 'பட்டான்'. அதை வைத்துக்கொண்டு, "மாட்டு மந்தையை மீட்கப் போயி உயிரை விட்ட ஒருத்தருங்க இவரு" என்று பெரியவரிடம் சொன்னோம்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சாமியை மனுஷன் என்று சொல்லிவிட்டோமே, கோபித்துக்கொள்வாரோ என்று எங்களுக்கு உள்ளூர உதறல். பிறகு அவரே சொன்னார்: "அதானா சங்கதி! மாட்டுக்குச் சீக்கு வந்தா இவருகிட்ட வந்துதான் வேண்டிக்குவோம். கறந்த பாலை மொதல்ல இவருக்குத்தான் ஊத்துவோம். ஏன்னு யாரும் சொன்னதில்ல. மாட்டுக்காகச் செத்தவருன்னா, பின்ன மாட்டைப் பாத்துக்க மாட்டாரா?"

இதைவிடப் பெரிய ஆராய்ச்சி முடிவை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. பெயர் மறந்துவிட்டது, ஆண்டு மறந்துவிட்டது, அரசன் யார் என்றே தெரியாது. ஆனால் அவன் எதற்காகச் செத்தான் என்பதை மட்டும் ஊர் தன் வழக்கத்துக்குள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. எழுத்தால் முடியாததை ஒரு சொம்புப் பால் செய்திருக்கிறது.

பெரிய போர், சின்ன ஞாபகம்

இதே செங்கத்தில் ஒரு பெரிய போரும் நடந்தது. முதல் மைசூர்ப் போரின்போது, 1767 செப்டம்பர் 3-ஆம் தேதி, கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையில் கணவாய் வழியே திருவண்ணாமலை நோக்கி வந்த கும்பினிப் படையை ஹைதர் அலியின் படையும் ஹைதராபாத் நிஜாமின் படையும் சேர்ந்து மறித்தன. ஸ்மித்தின் படை சண்டையிட்டு வழியை உண்டாக்கிக்கொண்டு திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தது. அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலையிலும் ஒரு போர். 1769-இல் சென்னை உடன்படிக்கையோடு யுத்தம் முடிந்தது. இரண்டு பக்கத்திலும் செத்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்களே.

இங்கிலீஷ் சரித்திரப் புத்தகங்களில் இந்தப் போருக்குத் தனி அத்தியாயமே உண்டு. ஆனால் செங்கம் பஸ் நிலையத்தில் நின்று, "அந்தப் போர் எந்த இடத்தில் நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். கை காட்ட ஆள் கிடைப்பது கஷ்டம். வேடியப்பன் கோயில் எங்கே என்று கேளுங்கள். பத்துப் பேர் வழி சொல்வார்கள்.

என்ன வித்தியாசம்? 1767-இல் இந்த வழியே போன படைகள் வெளியூர்ப் படைகள். அவர்கள் சண்டை இந்த ஊருக்காக அல்ல. சிப்பாய் எதற்காகச் செத்தான் என்று அவன் வீட்டாருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. கருந்தேவகத்தி எதற்காகச் செத்தான் என்று ஊரில் பால் குடித்த ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். ஓர் இடம் ஜனங்களின் ஞாபகத்தில் நிற்க வேண்டுமானால், அங்கே சிந்திய ரத்தத்தின் அளவு பெரிதல்ல. யாருக்காகச் சிந்தியது என்பதுதான் முக்கியம். என் தீர்மானம் இதுதான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த மலரில் எழுதலாம்.

உலகம் பிறகு கண்டது

முதல் உலக யுத்தம் வரை ஐரோப்பாவில் நினைவுச் சின்னம் என்றால் பெரும்பாலும் அரசனுக்கும் தளபதிக்கும்தான். சாதாரணச் சிப்பாயின் பெயரைக் கல்லில் வெட்டுவது அந்த யுத்தத்துக்குப் பிறகுதான் ஊருக்கு ஊர் வழக்கமாயிற்று. பெயர் தெரியாத சிப்பாய்க்கு லண்டனிலும் பாரிசிலும் 1920-இல் சமாதி எழுப்பினார்கள். பெல்ஜியத்தில் ஈப்பர் நகரத்து மெனின் வாயிலில், உடல் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை 1927-இல் வெட்டி வைத்தார்கள். அவற்றில் இந்தியர் பெயர்களும் உண்டு. தமிழ்நாட்டிலேயே சில கிராமங்களில், அந்த ஊரிலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று சின்னப் பலகைக் கல் பதித்திருப்பதைப் பார்க்கலாம். அதில் எண்ணிக்கை இருக்கும். பெயர் இராது.

சாதாரண மனிதனின் பெயரையும் அவன் செயலையும் கல்லில் எழுதி, எல்லோரும் நடக்கும் பாதையில் நட வேண்டும் என்ற எண்ணம் செங்கத்துக்காரர்களுக்கு ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. இதைச் சொன்னால் பழம்பெருமை பேசுகிறான் என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கல் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

கல்லை எங்கே வைப்பது?

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். வழிபாடு உள்ள கல் தப்பிப்பிழைத்தது. வழிபாடு நின்றுபோன கல்லின் கதி? துணி துவைக்கும் கல்லாகிறது. வாய்க்கால் மேல் பாலமாகிறது. சாலை அகலப்படுத்தும்போது மண்ணுக்குள் போகிறது. வயலைச் சமப்படுத்தும் இயந்திரத்துக்கு எழுத்துள்ள கல்லும் ஒன்றுதான், எழுத்தில்லாத கல்லும் ஒன்றுதான். பாதை பிரியும் இடத்தில் நட்டார்களே, அதுவே இன்று ஆபத்தாகிவிட்டது. சாலைதான் முதலில் அகலமாகிறது.

வழிபாடு உள்ள கல்லுக்கும் வேறு வகை ஆபத்து உண்டு. பக்தி மிகுதியால் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். சிமென்ட் பூசி மேடை கட்டும்போது கீழ்வரிகள் மறைந்துவிடுகின்றன. எழுத்தின் பள்ளத்தில் பெயின்ட் இறங்கிவிட்டால், பிறகு படி எடுப்பது பெரும்பாடு.

"எல்லாவற்றையும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விடலாமே" என்று படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கவனிப்பாரின்றிக் கிடக்கும் கல்லுக்கு அது சரியான வழிதான். ஆனால் கும்பிடுகிற கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனால் என்ன மிஞ்சும்? காட்சியகத்தில் கல் இருக்கும். ஒரு சீட்டில் எண் இருக்கும். அந்தப் பெரியவர் ஊற்றுகிற பால் இருக்காது. ஏரிக்கரையில் வெறும் குழி இருக்கும். கல்லின் பாதி அர்த்தம் அது நிற்கிற இடத்தில்தான் இருக்கிறது.

திருவண்ணாமலைக்கு அருகே கவுத்தி மலை, வேடியப்பன் மலை என்று இரண்டு மலைகள். அங்கே இரும்புத்தாது எடுக்கத் திட்டம் வந்தபோது சுற்றுக் கிராமத்து ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். தண்ணீர், காடு, விவசாயம் என்று பல காரணம் சொன்னார்கள். 'எங்கள் சாமி மலை' என்பதும் அதில் ஒன்று. ஒரு பெயர் ஒரு மலைக்குக் காவல் நிற்கிறது என்றால் ஞாபகம் என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்று புரிகிறதல்லவா?

என் யோசனை எளிமையானது. கும்பிடுகிற கல் அங்கேயே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு சின்னப் பலகை வைத்து, கல்லில் உள்ளதை இன்றைய தமிழில் எழுதிவைக்கலாம். அதற்குமுன் ஊர்ப் பெரியவர்களைக் கலந்துகொள்ள வேண்டும். ஏரிக்கரைப் பெரியவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். சாமியை மனிதன் என்று சொன்னதால் அவருடைய பக்தி குறையவில்லை. அவருக்குக் காரணம் கிடைத்தது, எங்களுக்கு அர்த்தம் கிடைத்தது.

நம்மால் ஆகக்கூடியது

நம் சங்கத்தில் வக்கீல்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வருவாய்த் துறையிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டில் நாலு காசு சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள். இந்நாள் மாணவர்கள் கையில் எல்லாம் கேமரா உள்ள போன் இருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் ஒரு போட்டோ எடுக்க ஸ்டுடியோக்காரரைக் கெஞ்ச வேண்டும்! இவ்வளவு வசதி இருக்கும்போது கீழ்க்கண்டவற்றைச் செய்ய முடியாதா?

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ஒவ்வொரு மாணவரும் தங்கள் ஊர் ஏரிக்கரை, மந்தைவெளி, ஆலமரத்தடி, பழைய பாதைச் சந்தி இவற்றில் உருவம் உள்ள கல், எழுத்து உள்ள கல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுங்கள். நேர் வெயிலில் எழுத்து தெரியாது. சாய்வு வெளிச்சத்தில் பள்ளமெல்லாம் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். கல்லைச் சுரண்டாதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள், சாக்பீஸ் போட்டு எழுத்தை நிரப்பாதீர்கள். ஊர்க்காரர்கள் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லும் கதையை அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கதை தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். பிறகு நம் வரலாற்றுத் துறையிலும், தொல்லியல் துறை அலுவலகத்திலும் தெரிவியுங்கள். சாலை வேலை நடக்கும் இடமானால் கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே சொல்லுங்கள்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்பின்போது ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். ஒரு வேன் வைத்துக்கொண்டு செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் போய்வருவோம். மோட்டூரில் கல்வட்டத்துக்குள் மனித வடிவில் நிற்கும் பெருங்கற்காலத்துக் கல்லையும் பார்க்கலாம். நடுகல் வழக்கம் வருவதற்கு முன்பே இறந்தவர்களை இந்த மண் எப்படி ஞாபகம் வைத்தது என்று அது காட்டும். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். நாயின் கதையைச் சொன்னால் அவர்கள் மறக்கமாட்டார்கள்.

நம் கல்லூரிப் புங்கமரம் ஒருநாள் விழலாம். டீக்கடை போய் வேறு கடை வரலாம். அங்கே யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல நாம் இருக்கும்வரை அந்த இடம் இருக்கும். நமக்குப் பிறகும் அது இருக்க வேண்டுமானால், ஒரு கதையாவது, ஒரு வழக்கமாவது விட்டுப் போக வேண்டும். பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத ஒரு மாணவருக்கு வருஷா வருஷம் நம் சங்கம் கட்டணம் கட்டினால், அதுவும் நாம் நடுகிற கல்தான். கட்டியவர் பெயர் மறந்துபோகலாம், காரியம் நிற்கும்.

வாழ்க நம் நட்பு! வளர்க நம் கல்லூரி!